‘யார் கேட்டது’ என்னும் கட்டம்

பார்சல் அலுவலகத்தின் மூன்றாம் எண் கவுண்டரில் அவள் இரண்டரை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் ஒரு பொட்டலமும் காணாமற்போகவில்லை. அனுப்பியவர், பெறுபவர், எடை, யார் கையெழுத்து என்று நான்கு கட்டம் வகுத்த பதிவேடு ஒன்றை அவளே வைத்திருந்தாள். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. யாராவது வந்து தன் பொட்டலம் வரவில்லை என்று சண்டை பிடித்தால், கண்காணிப்புக் கேமராவின் பதிவைப் போட்டுப் பார்ப்பதும் அவள் பொறுப்பே. படத்தை ஒவ்வொரு துணுக்காக நகர்த்தி, இன்ன மணிக்கு இன்ன சட்டை போட்டவர் வாங்கிப் போனார் என்று விரலால் தொட்டுக் காட்டுவாள். ஒரு நொடிக்குள் இத்தனை படங்கள் அடங்கியிருக்கின்றன என்பது அவளை முதன்முதலில் வியக்க வைத்தது அந்தக் கவுண்டரில்தான்.

அலுவலகம் கைமாறி, கவுண்டர் இருந்த இடத்தில் ஓர் இயந்திரம் வந்து நின்றபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. அடுத்த வேலை எது என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, அவள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டயர்க் கடையின் மாடியில் இருந்த வீடியோ எடிட்டிங், விஷுவல் எஃபெக்ட்ஸ் பயிற்சி நிலையத்தில் ஓராண்டுப் படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். விண்ணப்பத்தின் நகலைக் கோப்பில் குத்திய பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்பதைப் பொறுமையாகக் கேட்டார்.

“அதாவது, படத்துல தெரியக்கூடாததை அழிக்கிறது.”

“அதுவும் ஒண்ணுப்பா. வெட்டி ஒட்டணும், இல்லாததைச் சேர்க்கணும், இருக்கிறதை அழிக்கணும்.”

“அழிக்கிறதுக்கு ஒரு வருஷப் படிப்பா? உங்கம்மா என் சட்டைக் கறையை அரை மணி நேரத்துல எடுத்துடுவா.”

“எடுத்த இடம் வெளுத்துத் தெரியுதே, அது கணக்குல வராதா?” என்றாள் மகள்.

“என்னை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க ரெண்டு பேரும்?” என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அம்மாவின் தம்பி, அதாவது மாமா, காப்பீட்டு அலுவலகம் ஒன்றை நடத்திவந்தார். அக்காள் மகளின் கையெழுத்தும் கட்டம் போட்ட நோட்டும் அவர் கண்ணில் வெகுகாலமாகவே பட்டிருந்தன; அவளைத் தன் அலுவலகத்தில் சேர்க்க நினைத்தார். ஒருவழியாக உடன்பாடு ஏற்பட்டது. படிப்பு முடியும் மாதத்தின் கடைசி நாளுக்குள் இந்தத் தொழிலில் அவளுக்கு வேலை அமைய வேண்டும்; அமையாவிட்டால் அதையடுத்த திங்கட்கிழமை மாமாவின் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாத அவள் இதை நோட்டில் தேதியிட்டு எழுதி, மாமாவிடமும் அம்மாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். “என் ஆபீஸ்ல பாலிசி எடுக்கிறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க,” என்று சொல்லிக்கொண்டே மாமா கையெழுத்திட்டார்.

பயிற்சி நிலையத்தில் பதினொரு மாணவர்கள், எட்டுக் கணினிகள், கீழேயிருந்து ஏறிவரும் ரப்பர் வாசனை. பாடம் நடத்திய பெண் அவளைவிட ஒரு வயது இளையவள். அதே கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருந்த ஸ்டுடியோவில் நான்கு படங்களுக்கு வேலை செய்தவள். முதல் நாளே அவள் மாணவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லி வைத்தாள்.

“மேல ரிவ்யூ ரூம்ல உங்க ஷாட்டைப் பெரிய திரையில போடுவாங்க. நல்லா இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ‘அடுத்தது’ன்னு சொல்லுவாங்க. அதுதான் பாராட்டு. உங்க வேலை கண்ணுல பட்டா நீங்க காலி.”

இதை அன்று மாலை மகள் வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. “நம்ம பொழப்பேதான். லிஃப்ட் ஒழுங்கா ஓடினா நான் உயிரோட இருக்கேனான்னுகூட எவனும் கேக்க மாட்டான். நடுவுல நின்னாதான் என் பேரே ஞாபகம் வரும்,” என்றார். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் “இன்னைக்கு எதை அழிச்ச?” என்று கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று.

தொடக்கத்தில் அவளும் எல்லாரையும்போலத் தடுக்கி விழுந்தாள். தெருவின் குறுக்கே தொங்கிய கம்பி ஒன்றை நீக்கச் சொன்னார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து, கம்பி இருந்த சுவடே இல்லாமல் துடைத்தாள். போட்டுப் பார்த்தால், கம்பி போய்விட்டது; அதன் நிழல் மட்டும் சாலையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. வகுப்பே சிரித்தது. பக்கத்து இருக்கையில் இருந்த சுருட்டைமுடிக்காரன், எல்லாருக்கும் ‘சுருள்’, எழுந்து நின்று அந்த நிழலுக்குத் தலைவணங்கினான்.

மறுநாள் அவள் நோட்டில் புதிய கட்டங்கள் பிறந்தன. எந்த ஷாட், எத்தனையாவது ஃபிரேமிலிருந்து எத்தனையாவது ஃபிரேம் வரை, என்ன செய்தது, நிழலும் பிம்பமும் பார்த்தாயிற்றா, கடைசியாக ‘யார் கேட்டது’. பார்சல் அலுவலகத்தின் ‘யார் கையெழுத்து’ கட்டம்தான் இங்கே உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. அந்த வாரமே சுருள் அவளுக்கு ‘ரெஜிஸ்டர்’ என்று பெயர் வைத்தான். பெயர் பசைபோட்டாற்போல ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. ஆறாம் மாதத்தில், யாருடைய வேலையில் எது விட்டுப்போயிற்று என்று தெரியாமல் முழித்த எல்லாரும் அவள் நோட்டைத்தான் தேடி வந்தார்கள். எட்டாம் மாதத்தில் பாடம் நடத்தியவளே ஒருமுறை வந்தாள்.

படிப்பின் கடைசி மாதத்தில் உண்மையான வேலை வந்தது. மூன்றாம் தளத்து ஸ்டுடியோவுக்கு ஒரு சிறிய படத்தின் வேலை கிடைத்திருந்தது. அதிலிருந்து பதினொரு ஷாட்டுகளை மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இயக்குநர் வந்து பார்ப்பார். அதன்பின் ஸ்டுடியோவின் மேற்பார்வையாளர் அம்மா மாணவர்களில் ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார். ஒரே ஒரு நாற்காலி. மாமா அந்த வெள்ளிக்கு முன்தினமே தொலைபேசியில் கூப்பிட்டு, “திங்கக்கிழமைக்கு உனக்கு நாற்காலி வாங்கிப் போட்டாச்சு. சுத்துற நாற்காலி,” என்று சொல்லியிருந்தார்.

அவளுக்கு வந்தது பன்னிரண்டு நொடி ஷாட். நொடிக்கு இருபத்துநான்கு படம் வீதம் இருநூற்று எண்பத்தெட்டு ஃபிரேம். ஓர் அலுவலகத்தின் நீண்ட நடைவழியில் கதாநாயகி நடந்து போகிறாள், கேமராவும் கூடவே போகிறது. ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர். விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்த தொழிலாளியின் பிம்பம் அந்தக் கண்ணாடியில் விழுந்துவிட்டது. அதை நீக்க வேண்டும் என்று வேலைத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. நாற்பதாவது ஃபிரேமில் அவர் நுழைகிறார், இருநூற்றுப் பத்தில் வெளியேறுகிறார். ஒன்பது நாள் வேலை. ஏழாம் நாளில் அவள் முடித்துவிட்டாள்.

முடித்த பிறகு ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தபோது, விளக்கு பிடித்தவர் போகும் இடத்தில் இன்னொருவர் மங்கலாகத் தெரிந்தார். நடுத்தர வயது, நெஞ்சு வரை உருவம், கைகட்டிச் சும்மா நிற்கிறார். நூற்றுத் தொண்ணூறு முதல் இருநூற்று இருபத்தாறு வரை, முப்பத்தேழு ஃபிரேம். படப்பிடிப்புத் தளங்களில் சும்மா நிற்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதை அவள் பயிற்சிக்கு வந்த பதிவுகளில் ஓராண்டாகப் பார்த்து வந்திருந்தாள். தாளை எழுதியவர் இந்த ஆளைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்று முடிவு கட்டி, எட்டாம் நாளில் அவரையும் துடைத்தெடுத்தாள். கண்ணாடி கழுவி வைத்தாற்போல் ஆயிற்று. வியாழக்கிழமைதோறும் பழைய கோப்புகளை நீக்கி இடம் ஒதுக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. விதியை அவள் மதித்த அளவுக்கு வேறு யாரும் மதித்ததில்லை. முந்தைய பதிப்புகள் அத்தனையையும் அன்றே அழித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சமர்ப்பிக்கும் தாளை நிரப்புவதற்காக நோட்டைத் திறந்தாள். கடைசி வரியில் ஒன்றைத் தவிர எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. ‘190–226, இரண்டாம் ஆள், நீக்கம்.’ நிழல் பார்த்தாயிற்று, பிம்பம் பார்த்தாயிற்று. ‘யார் கேட்டது’ மட்டும் வெறுமையாக இருந்தது.

“யாரும் கேக்கல,” என்றாள் தனக்குள்.

“கேக்காமலே செஞ்சா இன்னும் நல்ல பேருதானே?” என்றான் சுருள். அவன் வேலை ஏற்கெனவே மூன்று முறை திரும்பி வந்திருந்தது. நாற்காலி தனக்கில்லை என்று தெரிந்துகொண்டு, கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் சேர ஏற்பாடு செய்துவிட்டு நிம்மதியாக இருந்தான். “ஒரு கோடு போட்டு விட்டுடு. மூணு மணிக்கு நீ மேல போற, நான் கைதட்டறேன்.”

அவளுக்குக் கோடு போட மனம் வரவில்லை. படப்பிடிப்பில் எடுத்த மூலப் பதிவைத் திறந்து, அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விளக்கு பிடித்தவரின் சட்டைப் பை பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருந்தது. கண்ணாடியில் விழும் பிம்பம் அப்படித்தான் இருக்கும். கைகட்டி நின்றவரின் பையோ வலப்பக்கம் இருந்தது. அதில் ஒரு பேனாவும் செருகியிருந்தது. அப்படியானால் அவர் கண்ணாடியில் விழுந்த பிம்பமே அல்லர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரே நின்றுகொண்டிருந்த மனிதர்.

அவள் உடனே எழுந்து போய்ப் பாடம் நடத்துபவளிடம் படத்தின் உதவி இயக்குநரின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள்.

“கண்ணாடிக்குப் பின்னாடி பேனா வச்சவரா?” என்றது மறுமுனை. “அவர்தாங்க அப்பா. பொண்ணைப் பார்க்க ஆபீஸ் வரைக்கும் வந்துட்டு, பேசாம திரும்பிப் போயிடுவார். அவளுக்குத் தெரியாது, பார்க்கிற நமக்கு மட்டும் தெரியும். படமே அந்த ஒரு இடத்துலதான் நிக்குது. ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். சரி பார்க்கலாம்னு கேட்டேன்.”

“அவர்மேல கை வச்சுடாதீங்க,” என்று சிரித்துவிட்டு உதவி இயக்குநர் போனை வைத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவளைப் பார்த்துச் சுருள் தலையை நீட்டினான்.

“யாராம்?”

“கதாநாயகியோட அப்பா.”

“அட பாவி. அப்பாவையேவா அழிச்ச?”

சிரிப்பை அடக்க அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அவளுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பத்தைந்து காட்டியது. நான்கு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் கூட. பாடம் நடத்துபவளிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

“வேற நாள் கேட்டுப் பார்க்கட்டுமா?” என்றாள் பாடம் நடத்துபவள்.

“வேண்டாம் மேடம். முடிச்சிடுவேன்.”

அது வீறாப்பாகச் சொன்னதல்ல. நோட்டில் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தாள். முப்பத்தேழு ஃபிரேமில் பெரும்பாலானவற்றில் அந்த மனிதரை மூலப் பதிவிலிருந்து அப்படியே எடுத்து வைத்துவிடலாம். விளக்குக்காரரின் தோள் குறுக்கே வரும் இடங்களைக் கொஞ்சம் பார்த்துத் தீட்ட வேண்டும். இடிக்கும் இடம் ஒன்றே ஒன்று. நூற்றுத் தொண்ணூற்றெட்டு முதல் இருநூற்று ஆறு வரை, ஒன்பது ஃபிரேம்களில் விளக்குக்காரரின் முழங்கை நேராக அப்பாவின் முகத்தின் மேல் விழுந்திருந்தது. அங்கே முகமே பதிவாகவில்லை. இல்லாததை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும்.

பன்னிரண்டரைக்குள் மற்றவை முடிந்தன. ஒன்பது ஃபிரேமுக்கு, பின்னால் வரும் தெளிவான முகம் ஒன்றை எடுத்து ஒட்டி, கேமராவின் நகர்வுக்கு ஏற்ப நகரவிட்டாள். போட்டுப் பார்த்ததும் முகம் சுளித்தாள். சுருள் எட்டிப் பார்த்தான்.

“அடையாள அட்டையை ஒட்டின மாதிரி இருக்கு. மனுஷன் மூச்சே விடல.”

அவன் சொன்னது உண்மை. சும்மா நிற்கும் மனிதனும் சும்மா நிற்பதில்லை. மார்பு ஏறி இறங்கும், தலை மயிரிழை அளவாவது அசையும். ஒரே படத்தை ஒன்பது முறை ஒட்டினால் அது பொம்மைதான். ஒட்டியதைத் தூக்கி எறிந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு முதல் இருநூற்று இருபது வரையுள்ள ஒன்பது ஃபிரேம்களை அப்படியே வரிசையாக எடுத்து, முகம் இல்லாத ஒன்பது இடங்களில் வைத்தாள். சாப்பாட்டு டப்பாவை அம்மா கட்டிக் கொடுத்தபடியே மேசையில் விட்டுவிட்டு, விளிம்புகளைத் தேய்த்து, மூலப் பதிவில் இருந்த துகள்துகளான சொரசொரப்பை அதன்மேல் தூவி, கண்ணாடியின் மங்கலைச் சமன்செய்தாள். இரண்டு பத்துக்கு ஓடவிட்டாள். அப்பா மூச்சு விட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். இருநூற்றுப் பதினேழில் அவர் ஒருமுறை கண் சிமிட்டுகிறார். அதே துண்டைக் கடன் வாங்கி முன்னால் வைத்ததால், இருநூற்று மூன்றிலும் அதே சிமிட்டல். அரை நொடிக்குச் சற்று மேலான இடைவெளியில் இரண்டு முறை கண் சிமிட்டினார். வேறு துண்டு எடுக்கலாம் என்றால் அதில் உதடு அசைகிறது. நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தாள். உறுத்தவில்லை. சொல்லப்போனால், எதையோ விழுங்கிக்கொண்டு நிற்பவர் அப்படித்தான் சிமிட்டுவார் என்று தோன்றியது. அப்படியே விட முடிவு செய்தாள். முன்தினம் ‘யார் கேட்டது’ கட்டத்தைக் காலியாக விட்ட தவறை மறுபடி செய்ய அவளுக்கு விருப்பமில்லை. சமர்ப்பிக்கும் தாளில் பேனாவால் எழுதினாள். ‘190–226: இரண்டாம் ஆள் தவறுதலாக நீக்கப்பட்டு மீண்டும் வைக்கப்பட்டார். 203: கண் சிமிட்டல் 217-லிருந்து எடுத்தது. யார் கேட்டது: யாருமில்லை, என் முடிவு.’ தாளைக் கொடுத்தபோது மணி இரண்டு நாற்பது. அதன்பிறகுதான் டப்பாவைத் திறந்தாள்.

மூன்றாம் தளத்து ரிவ்யூ அறையில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். முன்வரிசையில் இயக்குநர். அவருக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் அம்மா, மடியில் பதினொரு தாள்கள். மாணவர்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். ஒவ்வொன்றாக ஓடியது. “வலது ஓரம் நடுங்குது.” “நிறம் சேரல.” “இதுல கயிறு இன்னும் இருக்கு பாருங்க.” சுருளின் ஷாட்டுக்கு இயக்குநர் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விட்டார். சுருள் அவள் காதில், “என் வேலைக்கு அவருக்குப் பேச்சே வரல பார்த்தியா,” என்றான்.

ஆறாவதாக அவளுடையது. நடைவழியில் அந்தப் பெண் நடந்தாள். கண்ணாடி வெறுமையாக வந்தது. விளக்கு இல்லை, முழங்கை இல்லை. பிறகு அந்த மனிதர் தெரிந்தார். சிமிட்டினார். மறுபடி சிமிட்டினார். பெண் தாண்டிப் போனாள்.

“கொஞ்சம் பின்னாடி போங்க,” என்றார் இயக்குநர்.

மீண்டும் ஓடியது.

“இன்னொரு தடவை.”

பாடம் நடத்துபவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். இயக்குநர் திரும்பினார்.

“இது யாரோட வேலை?”

“என்னோடது சார்,” என்று அவள் சுவரிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

“இவர் இங்க ரெண்டு தடவை கண் சிமிட்டறார். ஷூட்டிங்ல நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு தடவைதான். இவரை யாரும் தொடலைன்னு நினைச்சேனே.”

“தொட்டேன் சார். விளக்கு பிடிச்சவரோட சேர்ந்தவர்னு நினைச்சு இவரையும் அழிச்சுட்டேன். சட்டைப் பையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. இன்னைக்குத்தான் திரும்ப வச்சேன். முழங்கை மறைச்ச இடத்துல முகம் இல்ல, பின்னாடி இருந்து எடுத்தேன். அதோட சிமிட்டலும் வந்துது. மாத்தணும்னா மாத்தலாம், அரை நாள் ஆகும்.”

அறையில் யாரோ இருமினார்கள். மேற்பார்வையாளர் அம்மா மடியிலிருந்த தாளைக் கைபேசி வெளிச்சத்தில் பிடித்து, அந்த வரிகளை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு தாளை இயக்குநரிடம் நீட்டினார். அவர் படித்தார். திரையைப் பார்த்தார். திரையில் அந்த மனிதர் பாதி மூடிய கண்ணோடு நின்றிருந்தார்.

“இருக்கட்டும்,” என்றார். “அடுத்தது.”

நான்கரைக்கு எல்லாம் முடிந்து விளக்கு போட்டார்கள். மேற்பார்வையாளர் அம்மா கதவருகே அவளை நிறுத்தினார்.

“இப்படி எழுதிக் கொடுக்கணும்னு யாரு சொல்லிக் கொடுத்தா?”

“பார்சல் ஆபீஸ்ல இருந்தப்போ பழகினது மேடம்.”

“என்கிட்ட பன்னெண்டு பேர் இருக்காங்க. யார் எதை எப்போ மாத்தினாங்கன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பாங்க.” அவர் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். “கேக்காததைச் செய்யறதுக்கு முன்னாடி கேக்கணும். அது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது மேடம்.”

“திங்கக்கிழமை ஒன்பதரைக்கு வந்துடு. அந்த நோட்டையும் எடுத்துட்டு வா.”

படிக்கட்டில் இறங்கும்போது சுருள் சொன்னபடியே கைதட்டினான். டயர்க் கடையில் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே தலையாட்டினார்.

வீட்டில் அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, கை எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, இன்னைக்கு எதை அழிச்ச?”

“ஒரு அப்பாவை.”

துடைத்த கை நின்றது. அவள் செருப்பைக் கழற்றி வைத்து, உட்கார்ந்து, பேனாவிலிருந்து கண் சிமிட்டல் வரை வரிசை மாறாமல் சொன்னாள். நடுவில் வந்து நின்ற அம்மா, “அப்புறம் வச்சுட்டல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

“வச்சுட்டேம்மா. வேலையும் கிடைச்சுடுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து.”

அப்பா துணியை மறுபடி எடுத்தார். “அந்த ஆள் முன்னாடி நின்னு ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம். இவ்வளவு வேலையே வந்திருக்காது,” என்றார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார்.

மாமாவுக்கு அவளே போன் செய்தாள். வேலை கிடைத்ததைச் சொன்னாள்.

“அப்போ அந்தச் சுத்துற நாற்காலியை நான் என்ன பண்றது?”

“நீங்க உக்காருங்க மாமா. உங்க நாற்காலிக்கு ஒரு கால் ஆடுதுன்னு அம்மா சொன்னாங்க.”

“எழுதிக் கையெழுத்து வேற போட்டுக் கொடுத்துட்டேன். ஒண்ணும் பேச முடியாது,” என்று மாமா சிரித்துக்கொண்டே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அவள் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்து, அந்த உடன்பாடு இருந்த பக்கத்தைத் தேடித் திறந்து, கீழே இன்றைய தேதியை எழுதினாள். பிறகு ஸ்கேலை எடுத்து, திங்கட்கிழமைக்கென்று ஒரு புதிய பக்கத்தில் கோடு போடத் தொடங்கினாள்.